ஒஃபேலியாவின் இடது கை

மிச்சிகன் மாநிலம் சாகினாவில் எங்கள் தெருவுக்குள் வெளி மாநில நம்பர் பிளேட்டோடு ஒரு வண்டி ஊர்ந்து வந்தால், அவர்கள் வழி கேட்கும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. "மஞ்சள் வீடு, ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம்" என்று நாங்களாகவே சொல்லிவிடுவோம். வருகிறவர்கள் தேடுவது ஒஃபேலியா கான்ட்ரேராஸை. நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன், கர்ட்டிஸ். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். தெருவில் எல்லாரையும் போல நானும் அவரை "டோன்யா" என்றுதான் ஸ்பானிஷ் வழக்கப்படி மரியாதையாகக் கூப்பிடுவேன். அவர் என்னை டா போட்டுக் கூப்பிடுவார்.

அவரிடம் வருகிறவர்கள் கொண்டுவருவது ஒரே கேள்வி: இந்தக் காரில் இருக்கும் எஞ்சின் இதனுடைய பிறவி எஞ்சின்தானா?

எங்கள் ஊர் ஆல்டன் தொழிற்சாலையில் 1970இல் கெஸ்ட்ரல் என்று ஒரு கார் செய்தார்கள். சாதாரண கெஸ்ட்ரல் ஆயிரக்கணக்கில் போனது. ஏழு லிட்டர் எஞ்சின் வைத்த கெஸ்ட்ரல் அறுபத்து மூன்றுதான். அந்தக் காலத்தில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டு, மரத்தில் மோதி, எஞ்சினைக் கழற்றி விற்றுத் தின்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவற்றைப் பணக்காரச் சேகரிப்பாளர்கள் இப்போது குளிரூட்டிய கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காரின் உடம்பும் எஞ்சினும் ஒரே நாளில் பிறந்தவையாக இருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி எஞ்சினின் முன்பக்கம் ஒரு தட்டையான இடத்தில் அடித்திருக்கும் காரின் எண். அந்த எண்ணை அடித்தவர் ஒஃபேலியா.

அவர் பிறந்தது டெக்ஸாஸில். அப்பா யூசேபியோ ஒவ்வொரு வசந்தத்திலும் குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மிச்சிகன் சர்க்கரை பீட்டு வயல்களுக்குக் களையெடுக்க வருவார். ஏழு வயதிலிருந்தே ஒஃபேலியா குட்டைக் களைக்கொத்தியை இடது கையில் பிடித்துத்தான் கொத்துவார். எல்லாரும் வலப்பக்கம் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக, இவர் இடப்பக்கம் தள்ளுவதால் பக்கத்து வரிசைக்காரனோடு தினமும் சண்டை. 1959இல் அப்பாவுக்குச் சாகினாவில் வார்ப்புப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. அதோடு டெக்ஸாஸுக்குத் திரும்பும் பேச்சு நின்றது.

இருபதாவது வயதில் ஒஃபேலியா ஆல்டனில் சேர்ந்தார். எஞ்சின் பிரிவில் மொத்தம் நாலே பெண்கள். எண் அடிக்கும் இடத்தில் அவரை நிறுத்தினார்கள். கிடுக்கி மாதிரி ஒரு எஃகுச் சட்டத்தில் எண் அச்சுகளை வரிசையாகச் செருகி, எஞ்சின் மேல் வைத்து, மூன்று பவுண்டு சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. அடுத்த எஞ்சின் வருவதற்குள் அச்சுகளை மாற்றிச் செருக வேண்டும். மேடை வலது கைக்காரர்களுக்காகப் போட்டது. இடது கையால் அடிக்க அவர் சுவரோரம் ஒடுங்கி நிற்க வேண்டியிருந்தது. அதனால் எண்ணின் வரிசை முழுவதும் இடப்பக்கம் கொஞ்சம் இறங்கி, வலப்பக்கம் கொஞ்சம் ஏறி விழும்.

ஃபோர்மேன் சாட்டர்லிக்கு அது கண்ணை உறுத்தியது.

"ஏம்மா, நம்பரெல்லாம் குடிச்சவன் நடந்த மாதிரி கிடக்கு?"

"படிக்க முடியுதா இல்லையா?"

"முடியுது. ஆனா நேரா இருக்கணும்."

"அப்ப மேடையைத் திருப்பிப் போடுங்க. நானா சாச்சு அடிக்கிறேன்? இந்த மூலையில நின்னு நீங்க ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

மேடையைத் திருப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது கடிதத்தோடு, இனி வலது கையால்தான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஒஃபேலியா வாதாடாமல் சுத்தியலைக் கைமாற்றினார். ஒரு வாரம் எண்கள் இரட்டையாக விழுந்தன, பாதி ஆழத்தில் நின்றன, ஒன்பது எட்டு மாதிரி தெரிந்தது. பரிசோதனைப் பிரிவு நாற்பது எஞ்சின்களைத் திருப்பி அனுப்பியது. அடுத்த திங்கட்கிழமை சாட்டர்லி தானே வந்து, சுத்தியலை எடுத்து அவருடைய இடது கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மூன்று கடிதங்களையும் ஒஃபேலியா கண்ணாடி போட்டு, சமையலறைச் சுவரில் குவாதலூப்பே மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்.

பெரிய எஞ்சின்கள் அவர் வேலை பார்த்த பகல் ஷிஃப்டில் மட்டும்தான் கோர்க்கப்பட்டன. அதனால் அறுபத்து மூன்றும் அவர் கைப்பட்டவைதான். ஆனால் அன்றைக்கு அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் மனதெல்லாம் இயந்திரப் பிரிவில் இருந்த ரொஹேலியோவின் மேல் இருந்தது. அவரையே கட்டிக்கொண்டு இரண்டு பெண்களைப் பெற்றார். 1986இல் தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஊரே யூனியன் மண்டபத்தில் உட்கார்ந்து சபித்துக்கொண்டிருந்த வாரத்தில், இவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமத்துக்குப் படித்துத் தேறிவிட்டார். பதினெட்டு வருடம் ஓட்டினார். கணவர் இறந்து, பெண்கள் கல்யாணமாகி டெக்ஸாஸுக்கே போன பிறகும் இந்த வீட்டை விட்டு நகரவில்லை.

2004இல்தான் பாஸ்டனிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். மிச்சமிருக்கும் கெஸ்ட்ரல்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பட்டியல் போடுவது அவருடைய பைத்தியம். சந்தேகமில்லாத கார்கள் எல்லாவற்றிலும் எண் வரிசை ஒரே மாதிரி சாய்ந்திருந்தது அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. யூனியன் மண்டபத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த கிழவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார். படத்தை முழுசாகக்கூடப் பார்க்காமல் ஒருவர் சொன்னாராம்: "அது ஒஃபேலியா கை."

வாத்தியார் அதைச் சேகரிப்பாளர்களின் சங்க இதழில் எழுதினார். அன்றிலிருந்துதான் எங்கள் தெருவுக்கு வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கின. ஒஃபேலியா ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பழைய பனியன் துணி, இவ்வளவோடு போய்ப் பார்ப்பார். இரண்டு நிபந்தனைகள். காரைப் பார்க்கும் முன் அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பார்த்த பிறகு சொல்வதை யார் காதிலும் கிசுகிசுக்க மாட்டார். அங்கே நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொல்வார்.

இந்த இரண்டாவது நிபந்தனையால்தான் 2016 செப்டம்பரில் டாக்டர் ஹோக்ஸ்ட்ரா மாட்டிக்கொண்டார்.

லோவெல் ஹோக்ஸ்ட்ரா எங்கள் மிச்சிகனிலேயே ஹாலந்து என்ற ஊரில் முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். மருத்துவமனையை விற்ற பணத்தில் ஏழு லிட்டர் கெஸ்ட்ரல் ஒன்று வாங்கியிருந்தார். ஆரஞ்சு நிறம், பின்னால் கறுப்புப் பட்டை. அதைப் பக்கத்து ஊரான ஃப்ராங்கன்முத்தில் நடந்த கார் கண்காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வாங்க வந்தவர் டல்லஸிலிருந்து ஓர் எண்ணெய்க்காரர், பெட்ரோலியக் கிணறுகளின் முதலாளி. "ஒஃபேலியா சொன்னா இப்பவே கையெழுத்து" என்று அவர் சொல்லிவிட்டதால், டாக்டர் ஒஃபேலியாவை வரவழைத்தார். நான்தான் லாரியில் கூட்டிப் போனேன்.

வெயில் நன்றாக அடித்தது. புல்வெளி முழுக்கக் கார்கள், மடக்கு நாற்காலிகள், சாஸேஜ் வாசனை. டாக்டரின் காரைச் சுற்றி ஐம்பது அறுபது பேர். ஒஃபேலியா முதலில் கதவோரத் தகட்டைப் பார்த்தார். காரின் அடித்தகட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். பிறகு எஞ்சினருகே குனிந்தார். துடைத்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எண் சாய்ந்துதான் இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார். "கார் உண்மை. எஞ்சின் உண்மையில்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். தவறாகக் கேட்டதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். "என்ன சொல்றீங்க? சாஞ்சுதானே இருக்கு?"

"எழுத்து சாஞ்சிருக்கு டாக்டர். வரி சாயல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல. இவன் ஒவ்வொரு எண்ணா எடுத்துச் சாச்சு வெச்சு அடிச்சிருக்கான். சங்க இதழைப் படிச்சிருப்பான்போல, பாவம். ஆனா அடிவரி நேரா போகுது. நான் ஒரே அடியில எல்லாத்தையும் அடிச்சவ. என்னுது எழுத்து நேரா நிக்கும், வரிதான் மொத்தமா இறங்கும்."

டாக்டரின் முகம் சிவந்தது. "நாப்பத்தாறு வருஷம் ஆச்சும்மா. தப்பா நினைக்காதீங்க, இந்த வயசுல ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி..."

"என் ஞாபகத்தை விடுங்க. என் கையைக் கேப்போம்." அவர் என் பக்கம் திரும்பினார். "டேய் கர்ட்டிஸ், அங்க பழைய சாமான் விக்கிறான் பாரு, அவன்கிட்ட எண் அச்சு, சட்டம் எல்லாம் இருக்கு. வரும்போதே பார்த்தேன். வாங்கிட்டு வா. உன் லாரில இருக்குற பெரிய சுத்தியலும்."

வாங்கி வந்தேன். கடைக்காரனே ஓர் அலுமினியத் தகட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான், வேடிக்கை பார்க்க. என் லாரியின் பின்படியில் தகட்டை வைத்தோம். ஒஃபேலியா அச்சுகளைச் செருகிய வேகத்தைப் பார்த்து எண்ணெய்க்காரர் வாயில் சுருட்டை வைக்க மறந்து நின்றார். அப்புறம் ஒஃபேலியா டாக்டரைப் பார்த்து, "நீங்க இந்தப் பக்கம் வந்து சுவர் மாதிரி நில்லுங்க. எனக்கு நெருக்கமா. சுவர் இருந்தாத்தான் சரியா வரும்" என்றார். பல் டாக்டர் சுவராக நின்றார். ஒஃபேலியா ஒடுங்கி, இடது தோளை இறக்கி, ஓங்கி ஒன்று போட்டார்.

அறுபத்தெட்டு வயது. ஒரே அடி.

தகட்டைக் கையில் எடுத்துக்கூடக் கொடுக்கவில்லை. "பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுத்தியலை என்னிடம் நீட்டினார். எழுத்துகள் விறைப்பாக நின்றன. வரி இடப்பக்கம் இறங்கியிருந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எண்ணெய்க்காரர் தொப்பியைத் தொட்டு ஒஃபேலியாவுக்கு வணக்கம் சொன்னார். டாக்டரிடம் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் தன் காரின் முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் வடிந்து, வெறுமனே உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பலாம் என்று பார்த்தேன். ஒஃபேலியா நகரவில்லை.

"டாக்டர், இந்த வண்டியோட பழைய காகிதம் ஏதாவது இருக்கா? முதல்ல யார் வாங்கினது?"

அவர் கோப்பை நீட்டினார். ஒஃபேலியா மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "1974. ரெண்டாவது சொந்தக்காரர் பிஜன் ஊர் விவசாயி, ஹெர்மன் பைண்டர். பீட்டுக்காரன் எதுக்கு இந்தக் காரை வாங்கினான்? உக்காந்து போகவா? எஞ்சினுக்காக வாங்கியிருக்கான். டேய் கர்ட்டிஸ், கவுன்டி சந்தையில டிராக்டர் இழுக்குற போட்டி நடக்குமே, அதுல ஓட்டுறவன் எல்லாம் எங்கேருந்து எஞ்சின் எடுப்பான்?"

"கிடைச்சதுலேருந்து எடுப்பான் டோன்யா."

"ஆங். எழுந்திருங்க டாக்டர். பொய்யின்னு சொன்னவ நான்தான், உண்மை எங்க இருக்குன்னும் நானே பாத்துத் தரேன். நாளைக்குக் காலைல போவோம்."

மறுநாள் மூன்று பேரும் என் லாரியின் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு பிஜனுக்குப் போனோம். இரண்டு பக்கமும் பீட்டு வயல். ஒஃபேலியா ஜன்னலோரம். "இந்த மண்ணுல நான் கொத்தாத இடமே இல்ல" என்றார். பெருமையாகவோ சலிப்பாகவோ சொல்லவில்லை. இந்தச் சாலை வளைந்து போகும் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஹெர்மன் பைண்டர் இறந்து பல வருடமாகியிருந்தது. பண்ணையை நடத்துவது அவர் மகள் மார்லிஸ். ஐம்பதைத் தாண்டியவர், உயரம், கைகளில் கிரீஸ். விஷயத்தைக் கேட்டதும் களஞ்சியத்தின் பெரிய கதவைத் தள்ளினார். உள்ளே சிவப்பு வண்ணம் அடித்த இழுவைப் போட்டி டிராக்டர் ஒன்று நின்றது. அதன் மூக்கில் அந்த எஞ்சின். ஒஃபேலியா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். நாற்பது வருடக் கிரீஸ் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. அதற்கு அடியில் எண் வந்தது.

டாக்டர் தன் கோப்பில் இருந்த எண்ணை உரக்கப் படித்தார். ஒஃபேலியா விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துக்கொண்டே வந்தார். கடைசி எண்ணில் விரல் நின்றது.

"என்னுது" என்றார்.

டாக்டர் மார்லிஸ் பக்கம் திரும்பினார். "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க."

"விக்கிறதுக்கில்ல."

"நீங்க ஒரு தொகை..."

"சார், எங்கப்பா இதை வெச்சுப் பதினோரு தடவை ஜெயிச்சார். நான் ஆறு தடவை. அடுத்த சனிக்கிழமையும் நான் இழுக்குறேன். உங்க கொட்டகையில பூட்டி வெச்சுத் துடைக்கிறதுக்கு இதைக் குடுக்கணுமா?"

டாக்டர் வாயைத் திறந்தார். ஒஃபேலியா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "பேசாம இருங்க. சனிக்கிழமை வந்து பாப்போம்."

சனிக்கிழமை போனோம். அந்தப் போட்டியைப் பற்றி விரிக்க வேண்டாம். மார்லிஸ் டிராக்டரை முடுக்கியபோது பலகை இருக்கைகள் அதிர்ந்தன. பின்னால் கட்டிய பாரம் முழுத் தூரமும் போனது. டாக்டர் எழுந்து நின்று, கையிலிருந்த சோளத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். அவரிடம் அந்தக் கார் வந்து ஏழு வருடம். அதன் எஞ்சின் முழு மூச்சில் முழங்குவதை அன்றுதான் முதல்முறை கேட்டிருப்பார். முடிந்ததும் அவரே இறங்கிப் போய் மார்லிஸிடம் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு மார்லிஸ்தான் சொன்னார்: "விலையைப் பத்தியே பேசல. காத்து-எரிபொருள் கலவையை எப்படிச் சரி பண்ணினேன்னு கேட்டார். அரை மணி நேரம்."

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது. மார்லிஸுக்கு இதைவிட வலுவான புது எஞ்சின் ஒன்றை டாக்டர் வாங்கித் தர வேண்டும். அது வந்து, ஓடி, போட்டியில் தன்னை ஏமாற்றாது என்று மார்லிஸுக்குத் திருப்தியான பிறகுதான் பழைய எஞ்சின் கைமாறும். ஒஃபேலியாவைத்தான் சாட்சியாக வைத்தார்கள். டாக்டர் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தில் டாக்டர் மாதம் இரண்டு முறையாவது பிஜனுக்குப் போய்விடுவார். பல்லைத் தவிர வேறெதையும் பிடுங்கியறியாத மனிதர், மார்லிஸோடு களஞ்சியத்தில் படுத்துக்கொண்டு போல்ட் கழற்றினார். அவர்கள் இருவருக்கும் நடுவே வேறெதுவும் இல்லையா என்று நான் ஒஃபேலியாவிடம் கேட்டேன். "உனக்கு எதுக்குடா அந்த வேலை?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "இருந்தா நல்லதுதான்" என்றார்.

அடுத்த அக்டோபரில் எஞ்சின் கெஸ்ட்ரலுக்குள் இறங்கியது. சங்கிலியை இறக்கியது என் லாரி. டாக்டர் சாவியை ஒஃபேலியாவிடம் நீட்டினார்.

"நீங்கதான் முதல்ல ஓட்டணும்."

ஒஃபேலியா தயங்கவில்லை. ஏறினார், இருக்கையை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைச் சரி செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். நான் பக்கத்தில். வயல் சாலையில் இரண்டாவது கியர் விழுந்ததும் என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. ஒஃபேலியா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து மைல் போய்த் திரும்பினோம். திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் கிட்டத்தட்டப் பீட்டுக் குவியலில் போய் விழுந்திருப்போம்.

இறங்கியதும் டாக்டர் ஆவலாக ஓடி வந்தார். "எப்படி இருந்தது?"

"ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. பிரேக் பேருக்குத்தான் இருக்கு. காது ரெண்டும் அடைச்சுப்போச்சு." கதவைச் சாத்தினார். "நல்லாச் செஞ்சிருக்கோம்."

டாக்டர் அந்தக் காரை விற்கவில்லை. இப்போதும் ஞாயிறு காலையில் ஹாலந்திலிருந்து பிஜன்வரை ஓட்டிக்கொண்டு போகிறார். சேகரிப்பாளர்கள் சங்கத்தில் சிலருக்கு அதில் வருத்தம். மைல் ஏற ஏற விலை குறையுமாம்.

ஒஃபேலியாவுக்கு இப்போது எழுபத்தாறு. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால் வெளியூருக்குப் போவதைக் குறைத்துவிட்டார். காகிதத்தை எண் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பச் சொல்கிறார். போன மாதம் சுவீடனிலிருந்து ஒன்று வந்தது. கூடவே நாலு பக்கக் கடிதம், வண்ணப் படங்கள், ஒரு டப்பா பிஸ்கட். பார்க்கும் முன் எதையும் தொடக்கூடாது என்பதால் டப்பாவை என்னிடம் தள்ளினார். சமையலறை மேசையில் காகிதத்தை விரித்து, கண்ணாடியை மாற்றி, ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அடுத்து யாராவது வரியையும் சேத்துச் சாச்சு அடிக்கக் கத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க டோன்யா?" என்று கேட்டேன்.

"அதுக்கு அவன் ஏழு வயசுலேருந்து இடது கையால பீட்டு கொத்தியிருக்கணும்."

பேனாவை எடுத்து, காகிதத்தின் மூலையில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் திணித்தார். பிறகு பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.